சிரோசிஸ் இல்லாத கல்லீரலில் இரண்டு முறை புற்றுநோய்: ஒரு ஹெபடைட்டிஸ் பி குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது, ஆனால் கல்லீரல் செல்கள் சேதமாவதைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற ரத்தப் பரிசோதனை நார்மல். மஞ்சள்காமாலை வந்ததில்லை, குடிப்பழக்கம் இல்லை. இப்படி ஒருவர் வந்தால் பல இடங்களில் "ஒன்றும் செய்யவேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பதில் ஏன் போதாது என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது. வைரஸின் ஒரு சின்னப் புரதம் கல்லீரல் செல்லுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் இதில் நடந்தது புரியும். அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன். நோயாளியும் குடும்பத்தாரும் ஒப்புதல் தந்திருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய ஊர், தொழில் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

நோயாளி 1978-ல் பிறந்தவர், தமிழ்நாட்டின் உள்மாவட்டம் ஒன்றைச் சேர்ந்தவர். 2005 வாக்கில் ஒரு முகாமில் ரத்ததானம் செய்தார். சில நாளில் ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. "உங்கள் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது, இனி ரத்தம் கொடுக்காதீர்கள், ஒரு டாக்டரைப் பாருங்கள்" என்றார்கள். அவரும் பார்த்தார். கல்லீரல் பரிசோதனைகள் எல்லாம் இயல்பாக இருந்தன. "நீங்கள் வெறும் கேரியர்தான், பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லப்பட்டது. எப்போது மறுபடி வரவேண்டும், வீட்டில் யாரைப் பரிசோதிக்க வேண்டும், எந்த வயதிலிருந்து ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எதுவும் எழுதித் தரப்படவில்லை.

வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. சென்னையில் நடந்த ஓர் ஆய்வு 1988-ல் லான்செட் இதழில் வந்தது. கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் (ரத்தத்தில் தொற்று இருப்பதைக் காட்டும் புரதம்) மறைந்ததாக அது சொன்னது. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கே அதன் ஆசிரியர்களில் ஒருவர். ஆகவே அந்த நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இருந்தது. ஆனால் பிற்பாடு மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்று அதை நம்பிக் கண்காணிப்பைக் கைவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. இவர் விஷயத்தில் நடந்தது அதுதான். இரண்டு முறை எஸ்.ஜி.பி.டி. பார்த்தார், நார்மல் என்று வந்ததும் மருந்து வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் எந்தப் பரிசோதனையும் இல்லை.

2019: முதல் கட்டி

காப்பீட்டுக்காக எடுத்த முழு உடல் பரிசோதனையில், அல்ட்ராசவுண்டில் கல்லீரலின் வலப்பக்கம் ஒரு கட்டி தெரிந்தது. எங்களிடம் வந்தபோது அவருக்கு வயது 41. வலி இல்லை, எடை குறையவில்லை. எஸ்.ஜி.பி.டி. 31. தட்டணுக்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் 6.1 கிலோபாஸ்கல், அதாவது சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது) இல்லை. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, ஒரு மில்லிலிட்டருக்கு 18,400 சர்வதேச அலகுகள். கல்லீரல் புற்றுநோயில் பல சமயம் ஏறும் ஏ.எஃப்.பி. என்ற ரத்தக் குறியீடு 212.

மூன்று கட்ட சி.டி. ஸ்கேனில், ஆறாவது பிரிவில் 4.3 செ.மீ. அளவில் ஒரே கட்டி. தமனி வழியாகச் சாயம் வரும் கட்டத்தில் அது பளிச்சென்று தெரிந்தது, அடுத்தடுத்த கட்டங்களில் சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கியது. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ளவரிடம் இந்தத் தோற்றம் இருந்தால், சிரோசிஸ் இல்லாவிட்டாலும், கல்லீரல் செல் புற்றுநோய் என்று ஊசி குத்திப் பார்க்காமலே முடிவு செய்யலாம்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "நான் குடிக்கிறதே இல்லையே சார், எப்படி வந்தது?"

அறுவையா, மாற்றுக் கல்லீரலா?

மூன்று வழிகளைப் பேசினோம். ஊசி செலுத்திச் சூட்டால் கருக்கும் சிகிச்சை மூன்று செ.மீ.க்குள் உள்ள கட்டிகளுக்குத்தான் நன்றாக வேலை செய்யும். இது அதைத் தாண்டிவிட்டது. கல்லீரல் மாற்றுக்கு ஐந்து செ.மீ.க்குள் ஒரே கட்டி என்ற அளவில் தகுதி இருந்தது. ஆனால் மீதிக் கல்லீரல் நல்ல நிலையில் உள்ள ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தேவையா என்று யோசித்தோம். கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்டல் சிரையில் அழுத்தமும் ஏறியிருக்கவில்லை. வெட்டி எடுப்பதே சரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

அறுவைக்கு முன்பே, வைரஸின் பெருக்கத்தை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையைத் தொடங்கினோம். அறுவையின்போதும் அதற்குப் பின்னும் வைரஸ் கிளர்ந்தெழக்கூடும் என்பது ஒரு காரணம். வைரஸின் பெருக்கம் அடங்கினால் புற்றுநோய் திரும்பும் வாய்ப்பு குறையும் என்பது இன்னொரு காரணம். 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மாத்திரை இலவசமாகவே கிடைத்தது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. விளிம்புகளில் புற்றுசெல் இல்லை, ரத்தக்குழாய்களுக்குள்ளும் பரவவில்லை. ஏ.எஃப்.பி. 5-க்கு இறங்கியது. ஓராண்டுக்குள் வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தது.

குடும்பத்தைப் பரிசோதித்தபோது

நோயாளி வார்டில் இருக்கும்போதே குடும்பத்தாரை வரச்சொன்னோம். அம்மாவுக்கு வைரஸ் இருந்தது. அண்ணனுக்கு இருந்தது. தங்கைக்கும் இருந்தது, அவர் அப்போது இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. பிள்ளைகள் தடுப்பூசி போட்டவர்கள். மனைவிக்கு அப்போது போட்டோம். விசாரித்ததில் தாய்மாமன் ஒருவர் நாற்பதுகளின் நடுவில் "கல்லீரல் வீங்கி" இறந்துபோனது தெரியவந்தது. 2005-லேயே யாராவது கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பார்கள்.

அம்மா கேட்டார், "என்னாலதான் புள்ளைக்கு வந்துச்சா டாக்டர்?" இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக்கூடாது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடுகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் இருபதில் ஒருவருக்குக்கூட நிலைப்பதில்லை. ஆகவே தொற்றிய வழி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும், அதை மறைக்கவும் முடியாது. "உங்க பையன் பிறந்த வருஷம் இதுக்கு ஊசியே உலகத்துல கிடையாதும்மா. உங்களுக்கும் இப்படித்தான் உங்க அம்மாகிட்டேருந்து வந்திருக்கும்" என்று சொன்னேன். அது உண்மை. முதல் தடுப்பூசிக்கு 1981-ல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் நாடு முழுக்கக் குழந்தைகளுக்கான அட்டவணையில் அது வந்தது 2011-ல்.

தங்கையின் வைரல் லோடு கோடிக்கணக்கில் இருந்தது. இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தாலே தடுப்பூசி மட்டும் போதாமல் போகலாம். ஆகவே 28-வது வாரத்திலிருந்து டெனோஃபோவிர் கொடுத்தோம். குழந்தை பிறந்த சில மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், வைரஸுக்கு எதிரான ஆயத்த எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலினும் போடப்பட்டன.

அண்ணனின் விஷயத்தில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. வயது 45, எஸ்.ஜி.பி.டி. நார்மல், ஸ்கேன் சுத்தம், வைரல் லோடு சில ஆயிரம். வழக்கமான அளவுகோல்படி மருந்து தேவையில்லை. ஆனால் குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் இருந்தால் மற்ற அளவுகோல்கள் பொருந்தாவிட்டாலும் மருந்து கொடுக்கலாம் என்று 2017-ன் ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்லியிருந்தது. "தம்பிக்கு வந்தா எனக்கும் வருமா?" என்று கேட்ட மனிதரிடம் "இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம்" என்று சொல்ல எனக்கு ஒப்பவில்லை. மருந்து தொடங்கினோம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும். 2024-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில் குடும்ப வரலாறு மருந்துக்கான காரணமாகவே சேர்க்கப்பட்டது.

திசு சொன்ன செய்தி: எக்ஸ் புரதம்

வெட்டி எடுத்த கட்டியின் ஒரு துண்டு, நோயாளியின் ஒப்புதலோடு ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. வைரஸின் டி.என்.ஏ. கட்டிச் செல்களின் குரோமோசோமில் எங்கே நுழைந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக. சிகிச்சைக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் நோயாளியின் முதல் கேள்விக்குப் பதில் அதில்தான் இருந்தது.

ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மரபுப்பொருள் சுமார் 3,200 எழுத்துகள்தான். அதற்குள் நான்கு மரபணுப் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. ஆகச் சிறியது எக்ஸ். அது உருவாக்கும் புரதத்தில் 154 அமினோ அமிலங்கள் மட்டுமே. புற்றுநோயை உண்டாக்குவதற்காக வைரஸ் அதை வைத்திருக்கவில்லை. அது இல்லாமல் வைரஸால் பிழைக்க முடியாது. செல்லுக்குள் நுழைந்த வைரஸ் தன் டி.என்.ஏ.வை மூடிய வளையமாக்கி உட்கருவில் வைக்கிறது. இப்படிப்பட்ட அந்நிய வளையங்களை இயங்கவிடாமல் அமுக்கிவைக்க நம் செல்லில் எஸ்.எம்.சி. 5/6 என்ற புரதக்கூட்டு இருக்கிறது. எக்ஸ் புரதம், செல்லுக்குச் சொந்தமான டி.டி.பி.1 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு, எஸ்.எம்.சி. 5/6-ஐக் கழிவு என்று குறியிட வைக்கிறது. செல் தன் காவலைத் தானே சிதைத்துவிடுகிறது. வைரஸ் வளையம் தடையில்லாமல் இயங்குகிறது. 2016-ல்தான் இந்த வழிமுறை தெளிவானது.

சிக்கல் என்னவென்றால், எஸ்.எம்.சி. 5/6-க்கு வேறு பொறுப்புகளும் உண்டு. உடைந்த டி.என்.ஏ.வைச் சரிசெய்வதிலும், செல் பிரியும்போது குரோமோசோம்கள் ஒழுங்காகப் பிரிவதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. அது குறைந்த செல்லில் பிழைகள் தங்கிவிடுகின்றன. இதற்கு மேல், எக்ஸ் புரதம் பி53 என்ற புற்றுத்தடுப்புப் புரதத்தோடு ஒட்டி அதன் வேலையைக் குலைக்கிறது, மைட்டோகாண்டிரியாவின் கால்சியம் ஓட்டத்தை மாற்றுகிறது, செல்லை வளரச்சொல்லும் பீட்டா-கேட்டனின் பாதையைத் தூண்டுகிறது, சில மரபணுக்களை மெத்தில் குறிகளால் மௌனமாக்குகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன.

இந்தப் பட்டியலை நான் கொஞ்சம் நிதானத்தோடுதான் படிக்கிறேன். பல சோதனைகளில், உண்மையான தொற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு எக்ஸ் புரதத்தைச் செல்லுக்குள் திணித்துப் பார்த்திருக்கிறார்கள். எக்ஸ் மரபணுவைச் சேர்த்த எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்ததாக 1991-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் வேறு சில எலி வகைகளுக்கு அது மட்டும் போதவில்லை. புற்று உண்டாக்கும் ரசாயனத்தையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் கட்டி அதிகமாக வந்தது. ஆகவே எக்ஸ் தனியாகவே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது என்று சொல்லமாட்டேன். செல்லை நீண்ட காலம் பலவீனமான நிலையிலேயே வைத்திருக்கிறது என்பது பொருத்தமாக இருக்கும். விலங்குகளிலும் ஒரு தடயம் இருக்கிறது. அமெரிக்காவின் உட்சக் என்ற கொறிவிலங்குக்கு இதே குடும்பத்து வைரஸ் உண்டு. அதற்கு எக்ஸ் புரதமும் உண்டு. நாள்பட்ட தொற்றுள்ள உட்சக்குகள் அநேகமாக எல்லாவற்றுக்கும் கல்லீரல் புற்றுநோய் வருகிறது. வாத்துகளின் ஹெபடைட்டிஸ் பி வைரஸில் அப்படியொரு முழுமையான எக்ஸ் மரபணு இல்லை. வாத்துகளுக்கு அந்த வைரஸால் இப்படிப் புற்றுநோய் வருவதுமில்லை.

எங்கள் நோயாளியின் கட்டியில் வைரஸின் ஒரு துண்டு டெர்ட் என்ற மரபணுவின் முகப்பில் செருகியிருந்தது. டெர்ட் உருவாக்கும் டெலோமரேஸ் செல்களை முடிவில்லாமல் பிரியவைக்கும். வளர்ந்தவரின் கல்லீரல் செல்லில் அது பெரும்பாலும் அணைந்தே இருக்கும். அந்தச் செருகலில் எக்ஸ் மரபணுவும் வால்பகுதி மட்டும் அறுபட்ட நிலையில் இருந்தது. இது அபூர்வமல்ல. வைரஸ் டி.என்.ஏ. வழக்கமாக அறுபட்டு ஒட்டும் இடம் எக்ஸ் மரபணுவின் முடிவுக்கு அருகில்தான் இருக்கிறது. 2012-ல் சீன நோயாளிகளிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஹெபடைட்டிஸ் பி சார்ந்த கட்டிகளில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவற்றில் இப்படிச் செருகல் இருந்தது. டெர்ட், எம்.எல்.எல்.4, சி.சி.என்.இ.1 ஆகிய மூன்று மரபணுக்களில் அது திரும்பத் திரும்பத் தென்பட்டது.

பி53 மரபணுவின் 249-வது இடத்தையும் பார்க்கச் சொல்லியிருந்தோம். பூஞ்சை பிடித்த கடலை, சோளத்தில் உருவாகும் அஃப்ளாடாக்சின் அங்கேதான் தன் தடத்தை விடும். ஷாங்காயில் நடந்த ஆய்வில் வைரஸும் அஃப்ளாடாக்சினும் சேர்ந்தவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய அறுபது மடங்கு என்று வந்தது. இவர் வீட்டில் கடலைப் புழக்கம் அதிகம் என்பதால் கேட்டோம். அந்தத் தடம் இல்லை.

இந்த வழிமுறைகள் எல்லாவற்றிலும் நோயாளிகளுக்கும் பொது மருத்துவர்களுக்கும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. எஸ்.ஜி.பி.டி. ஏறுவது, நம் எதிர்ப்புச் சக்தி வைரஸ் உள்ள கல்லீரல் செல்களைக் கொல்லும்போது. எக்ஸ் புரதம் காவலைச் சிதைப்பதிலும், வைரஸ் துண்டு குரோமோசோமில் செருகுவதிலும் செல் சாகவேண்டிய அவசியம் இல்லை. ஆகவே ரிப்போர்ட்டில் எண் நார்மலாகவே இருக்கும். சிரோசிஸும் வராமல் இருக்கலாம். இவருக்கு நடந்தது இதுவே.

2022: இரண்டாவது கட்டி

ஊரடங்கு காரணமாக 2020-ல் ஒரு ஸ்கேன் மட்டும் தள்ளிப்போனது. மற்றபடி அவர் ஒழுங்காக வந்தார், மாத்திரையைத் தவறவிடவில்லை. 2022 தொடக்கத்தில், இடப்பக்கம் விளிம்பையொட்டி 1.7 செ.மீ. அளவில் புதிய கட்டி தெரிந்தது. வைரல் லோடு அப்போதும் பூஜ்யம். ஏ.எஃப்.பி. 6. ரத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கண்டுபிடித்திருக்க முடியாது.

அளவைப் பார்த்தால் சூட்டால் கருக்கியிருக்கலாம். ஆனால் கட்டி வயிற்றுப்பையை ஒட்டி இருந்தது. அந்தச் சின்ன இடப்பகுதியை லேப்ராஸ்கோப் மூலம் எடுப்பது எளிது, கல்லீரலும் தாங்கும். அதைத்தான் செய்தோம்.

அவர் மனமுடைந்துபோனார். "மாத்திரை சாப்பிட்டும் திரும்ப வந்துடுச்சே சார்." திசு முடிவு வந்தபோது அது திரும்பி வந்தது அல்ல என்று தெரிந்தது. முதல் கட்டியில் இருந்த டெர்ட் செருகல் இதில் இல்லை. வைரஸ் துண்டு எம்.எல்.எல்.4 மரபணுவில் இருந்தது. ஒரு கட்டியின் எல்லாச் செல்களும் ஒரே தாய்ச்செல்லிலிருந்து வருவதால், செருகிய இடத்தை வைத்துக் கட்டிகளின் உறவை அறியலாம். இது தனியாகப் பிறந்த இரண்டாவது புற்றுநோய். அந்தச் செல்லில் செருகல், அநேகமாக, மருந்து தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

டெனோஃபோவிர் வைரஸின் பாலிமரேஸை, அதாவது வைரஸ் தன்னை நகலெடுக்கும் நொதியை, அடைக்கிறது. புது வைரஸ் உருவாவது நிற்கிறது. உட்கருவில் இருக்கும் வளையத்தை அது தொடுவதில்லை. குரோமோசோமில் செருகிய துண்டை வெளியே எடுப்பதும் இல்லை. இரண்டிலிருந்தும் எக்ஸ் புரதம் வந்துகொண்டே இருக்கலாம். மருந்து புற்றுநோய் ஆபத்தைக் குறைக்கிறது என்பதில் சந்தேகமில்லை, முழுக்க நீக்குவதில்லை. வைரஸின் ஆர்.என்.ஏ.வையே வெட்டும் மருந்துகளை இப்போது சோதித்துவருகிறார்கள். வைரஸ் வளையத்திலிருந்து வரும் எல்லா ஆர்.என்.ஏ.க்களின் வால்பக்கத்திலும் எக்ஸ் பகுதி இருக்கிறது. ஆகவே அங்கே ஒரு வெட்டு விழுந்தால் எல்லாப் புரதங்களும் சேர்ந்து குறையும்.

அதன் பிறகு

இரண்டாவது அறுவைக்குப் பின் 2024 இறுதி வரை கட்டி எதுவும் இல்லை. வேலைக்குத் திரும்பிவிட்டார். மாத்திரையும் ஆறு மாத ஸ்கேனும் தொடர்கின்றன. அண்ணனுக்கு இதுவரை ஸ்கேன் சுத்தம். தங்கையின் குழந்தைக்கு ஒரு வயதில் எடுத்த பரிசோதனையில் வைரஸ் இல்லை, எதிர்ப்புப் பொருள் நன்றாக இருந்தது. தங்கை பிரசவத்துக்குப் பிறகும் மருந்தை நிறுத்தவில்லை. அண்ணனுக்குச் சொன்ன அதே காரணம்தான்.

எதை மாற்ற வேண்டும்

முதல் வாய்ப்பு ரத்த வங்கியில் தவறியது. "இனி ரத்தம் கொடுக்காதீர்கள்" என்ற செய்தி வங்கியைக் காக்கிறது, கொடையாளியைக் காப்பதில்லை. ஒரு தாள் போதும்: எங்கே போகவேண்டும், என்னென்ன பரிசோதனை, வீட்டில் யாரெல்லாம் பார்க்கவேண்டும், மருந்து இலவசமாக எங்கே கிடைக்கும். அப்படி ஒரு தாளைத் தயாரித்து, எங்களுக்கு நோயாளிகளை அனுப்பும் ரத்த வங்கிகளுக்குக் கொடுத்திருக்கிறோம். 2022 கணக்குப்படி இந்தியாவில் சுமார் மூன்று கோடிப் பேர் இந்த வைரஸோடு வாழ்கிறார்கள். பலருக்கு இது முதலில் தெரியவருவதே ரத்ததானத்திலோ பிரசவப் பரிசோதனையிலோதான்.

"வெறும் கேரியர்" என்ற பேச்சை எங்கள் ஓ.பி.யில் நிறுத்திவிட்டோம். எஸ்.ஜி.பி.டி. நார்மலாக இருந்தாலும் வைரல் லோடு, ஃபைப்ரோஸ்கேன், குடும்ப வரலாறு மூன்றும் கேஸ் ஷீட்டில் நிரப்பப்பட வேண்டும். ஆண்களுக்கு நாற்பது, பெண்களுக்கு ஐம்பது வயதிலிருந்து, குடும்பத்தில் புற்றுநோய் இருந்தால் அதற்கும் முன்பே, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். இந்த விதி இவருக்கு எட்டியிருந்தால் தாய்மாமனின் கதையை வைத்தே முப்பதுகளில் ஸ்கேன் தொடங்கியிருக்கலாம், முதல் கட்டி 4.3 செ.மீ. ஆகும்வரை காத்திருக்க வேண்டியிருக்காது.

வைரல் லோடு பூஜ்யம் என்று சொல்லும் அன்றே, ஸ்கேன் நிற்காது என்றும் சேர்த்துச் சொல்கிறோம். முன்பெல்லாம் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு வராமல் போனவர்கள் உண்டு.

இந்தக் குடும்பத்தில் வேலை இன்னும் முடியவில்லை. வைரஸ் வந்தது தாய்வழியில் என்பதால், அம்மாவின் தங்கை வீட்டிலும் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். இருவர் வந்துவிட்டார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் மற்ற மூவருக்கும் அந்தந்த ஊரில் உள்ள சிகிச்சை மையத்தின் விவரத்தை நோயாளியே அனுப்பியிருக்கிறார். பரிசோதனை முடிவுகள் வரவேண்டும்.